மதுரைப் பயணமும் தம்பியின் மூளைக்கட்டி அறிக்கையும்

தம்பிக்குத் திடீரென வலிப்பு வந்து, எம்.ஆர்.ஐ.யில் மெதுவாக வளரும் மூளைக்கட்டி தெரிந்து, மதுரையில் அறுவை சிகிச்சையும் முடிந்த பிறகே நான் டொராண்டோவிலிருந்து போய்ச் சேர்ந்தேன். அறுவை சிகிச்சையிலோ செவிலியர்களின் கவனிப்பிலோ குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பயாப்ஸி அறிக்கையில் ‘ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 2’ என்று கட்டியின் வகையும் தீவிர நிலையும் (4 தான் மிகத் தீவிரம்) இருந்ததற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரியைக் கொண்டு, முப்பத்தைந்து வயதுக்காரனின் வருங்காலத்தைக் கணிக்க இயலாது. உலக சுகாதார நிறுவனம் 2016 முதலே இக்கட்டிகளை மரபணு மாற்றங்களையும் சேர்த்துத்தான் வகைப்படுத்துகிறது; 2021-இல் அது இன்னும் கண்டிப்பானது. ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் இருந்து, குரோமோசோம்களில் 1பி, 19க்யூ பகுதிகள் இரண்டும் இழக்கப்பட்டிருந்தால் அது ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற வகை. கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் நன்கு கட்டுப்படுவதால், பத்தாண்டுகளைத் தாண்டி வாழ்பவர்கள் பலர். ஐ.டி.எச். மாற்றம் இருந்து அந்த இழப்பு இல்லையெனில் ஆஸ்ட்ரோசைட்டோமா, அதிலும் சி.டி.கே.என்.2ஏ/பி மரபணுவின் இரு பிரதிகளும் அழிந்திருந்தால், நுண்ணோக்கியில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் அது கிரேடு 4. பெரியவர்களில் ஐ.டி.எச். மாற்றமே இல்லாமல் டெர்ட் என்ற மரபணுவில் மாற்றம் போன்றவை காணப்பட்டால், பெரும்பாலும் மிகத் தீவிரமான கிளியோபிளாஸ்டோமா என்றே கொள்கிறார்கள். இவ்வளவு தூரம் விலகிய வாழ்வுகளை ஒரே வரியில் அடைத்துக் கொடுத்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இந்த மரபணுச் சோதனைகளைச் செய்துகொள்வதற்காக, திசு பதிந்த மெழுகு பிளாக்கை மருத்துவமனையில் கேட்டபோது, கவுன்டரில் ஸ்லைடு மட்டுமே தருவோம் என்றார்கள். அறுவை மருத்துவரின் கடிதத்தைக் காட்டியதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். வேறொரு ஆய்வகத்தின் நோய்க்குறியியல் மருத்துவர், “திசு போதுமான அளவு இருக்கிறது சார், முதலில் ஐ.டி.எச்.1 சாயப் பரிசோதனையைப் பார்த்துவிடலாம்” என்றார். ஐ.டி.எச். மாற்றங்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தை அந்த எளிய சோதனையே காட்டிவிடும் என்பதையும், அதில் தெரியாவிட்டால் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும் என்பதையும் தம்பி மனைவிக்குப் புரியும்படி பொறுமையாக விளக்கினார். மற்றச் சோதனைகளுக்கு பிளாக் சென்னைக்குப் போனது.

முடிவில் ஐ.டி.எச். மாற்றம் உறுதியானது, 1பி/19க்யூ இழப்பு இல்லை, சி.டி.கே.என்.2ஏ அழியவில்லை. ஆகவே வகை மாறவில்லை. அச்சம் பெருமளவு குறைந்தது. ஐ.டி.எச். மாற்றமுள்ள கிரேடு 2 கட்டிகளுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோராசிடெனிப் மாத்திரையைப் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டோம். நோய் முற்றாமல் இருக்கும் காலத்தை அது சராசரியாக 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீட்டியதை அவர் அறிந்திருந்தார். தம்பிக்கு அது தேவையா என்பதை அடுத்த எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.