நாலு வாரத்துக்கு ஒரு ஃபயர்பாக்ஸ்: ஒரு பழைய பயனரின் அனுபவம்

மொசில்லாவின் இணைய உலாவியான ஃபயர்பாக்ஸின் 3.6 வெர்ஷன் வந்தது 2010 ஜனவரியில். அடுத்த பெரிய வெர்ஷனான 4 அந்த ஆண்டு முடிவதற்குள் வரும் என்றார்கள். 12 பீட்டா (சோதனை வெளியீடு) தாண்டி 2011 மார்ச் 22-இல்தான் வந்து சேர்ந்தது. அப்போதெல்லாம் புது வெர்ஷன் என்றாலே கொண்டாட்டம், 2008-இல் 3.0 வெளியானபோது 24 மணி நேரத்தில் 80 லட்சம் பதிவிறக்கம் என்று கின்னஸ் சாதனையே ஆனது. இன்று என் கணினியில் எத்தனையாவது வெர்ஷன் ஓடுகிறது என்று கேட்டால், மெனுவைத் திறந்து பார்த்துத்தான் சொல்வேன். இது நல்ல மாற்றம்தான் என்பது என் கட்சி. ஆனால் ஆரம்பம் அவ்வளவு சுகமாக இல்லை.

4 வந்த மூன்றே மாதத்தில் 5 வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு ஒன்று என்ற புதுக் கணக்கு அப்போதுதான் தொடங்கியது. குரோம் அதற்கு முன்பே அந்த ஓட்டத்துக்கு மாறியிருந்தது. 5 வந்ததும் 4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 4-ஐச் சோதித்துக்கூட முடிக்காத நிறுவனங்கள் கொதித்துப்போயின. நம்மைப் போன்றவர்களுக்கு, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவிகளான நீட்சிகள்தான் தலைவலி. எந்த வெர்ஷன் வரை வேலை செய்யும் என்று நீட்சியை எழுதியவர் குறித்திருப்பார். எண் அதைத் தாண்டினால், உள்ளே ஒன்றும் கெட்டுப்போகாவிட்டாலும் நீட்சி முடங்கும். 2012 ஜனவரியில் வந்த 10-இல் இதைத் தலைகீழாக்கி, பெரும்பாலான நீட்சிகள் ஒத்துப்போகும் என்றே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 12-இல், விண்டோஸில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அனுமதி கேட்கும் பெட்டியும் ஒழிந்தது. வேகமான சுழற்சியைத் தாங்க முடிந்தது இந்த இரண்டு சின்ன வேலைகளால்தான் என்பேன்.

வேகத்தால் என்ன லாபம்? முன்பு ஒரு வசதி இந்த வெர்ஷனில் ஏறாவிட்டால் அடுத்ததற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் அரைவேக்காடாக இருந்தாலும் உள்ளே திணிக்கத் தோன்றும், அதற்காகவே வெளியீடும் தள்ளிப்போகும். இப்போது டவுன் பஸ் மாதிரி: இதை விட்டால் அடுத்தது வரும். நைட்லி என்ற தினசரிச் சோதனை வெர்ஷனில் சில வாரம், பீட்டாவில் சில வாரம், பிறகு நம் கைக்கு. தேறாத வசதியை அணைத்து வைத்துவிட்டு வண்டி கிளம்பிவிடும். 2020 மார்ச்சில் வந்த 74 முதல் இடைவெளி நான்கு வாரமாகக் குறைந்தது. ஆறு நான்கானதை நான் உணரவே இல்லை.

உணர்ந்தது ஈஎஸ்ஆரில். நிறுவனங்களின் கூச்சலுக்குப் பதிலாக 2012-இல் வந்த நீண்டகால ஆதரவு வெர்ஷன் அது. சுமார் ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், தோற்றமும் வசதிகளும் அப்படியே இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பாகக் கிடைப்பதும் இதுதான். அப்பாவுக்குத் தொந்தரவு இருக்காது என்று அவர் கணினியில் இதைத்தான் வைத்தேன். 2021 ஜூனில் 89 புதுத் தோற்றத்தோடு வந்தது. தாவல்கள் (டேப்கள்) கீழே ஒட்டாமல் தனித்தனிப் பொத்தான்களாக மிதந்தன. நான் இரண்டு நாளில் பழகிவிட்டேன். அப்பாவின் கணினி 78-இலிருந்து நேராக 91-க்குத் தாவியபோது அந்தத் தோற்றமும், ஒரு வருட மாற்றங்களும் ஒரே காலையில் அவர் முன்னால் வந்து நின்றன. "என்னடா, இதோட மூஞ்சியே மாறிப்போச்சு?" என்று போன். ஈஎஸ்ஆரில் மாற்றம் குறைவு என்பது பாதி உண்மை. சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுப்பார்கள்.

வெர்ஷன் எண்ணும் இப்போது முழுக் கதையைச் சொல்வதில்லை. 2025 ஏப்ரலில் 137-ஓடு வந்த, தாவல்களைத் தொகுத்து வைக்கும் தாவல் குழுக்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கவில்லை, படிப்படியாகத் திறந்துவிட்டார்கள். ஒரே எண் ஓடும் இரண்டு கணினிகளில் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. (இதே யோசனை 2011-இல் 4-இலேயே வேறு வடிவில் இருந்தது, 2016-இல் 45-இல் தூக்கிவிட்டார்கள். அப்போது புலம்பியவர்களில் நானும் ஒருவன்.)

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுழற்சி கண்ணுக்கே தெரியும். புது வசதிகளோடு புதுச் சொற்றொடர்களும் வந்துகொண்டே இருக்கும்; தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கும் வரை அந்த இடத்தில் ஆங்கிலம் நிற்கும். பழைய மெனு நல்ல தமிழில், அமைப்புகள் பக்கத்தின் புதுப் பகுதி ஆங்கிலத்தில். மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பான்டூனில் கணக்கு தொடங்கி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம்.

யாருக்கு எது? பெரும்பாலோருக்குச் சாதாரண வெளியீடே போதும். இணையதளம் கட்டுபவர்கள் பக்கத்தில் பீட்டாவும் வைத்துக்கொள்ளலாம். பழைய விண்டோஸ் 7 கணினிகளுக்காக 115 ஈஎஸ்ஆரின் ஆதரவை மொசில்லா பலமுறை நீட்டித்தது. ஈஎஸ்ஆருக்கு மாற நினைத்தால் ஒன்று: சாதாரண வெளியீட்டிலிருந்து அங்கே போவது பெரும்பாலும் பின்னோக்கிப் போவதுதான். 67-க்குப் பிறகு, புது வெர்ஷனில் திறந்த சுயவிவரத்தை (புக்மார்க், கடவுச்சொல், அமைப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறை) பழைய வெர்ஷன் ஏற்காது, புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லும். புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் முதலில் ஏற்றுமதி செய்துவிட்டு நிறுவுங்கள்.