காய்ச்சல் பார்க்க எது நல்லது: பாதரசமா, டிஜிட்டலா, நெற்றியில் காட்டுவதா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு பீரோவில் பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று பல வருடமாக இருந்தது. போன அக்னி நட்சத்திரத்தில், மகளுக்குக் காய்ச்சல் பார்க்க அதை உதறியபோது கட்டில் சட்டத்தில் பட்டு உடைந்தது. தரையில் உருண்ட வெள்ளி மணிகளை அவள் ஆசையாகத் தொடப் போனாள். அப்போதுதான் வேறு எதை வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

கண்ணாடித் தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டும். பேட்டரியும் வேண்டாம். "அதுதான்டா நம்பிக்கை" என்று அம்மா சொல்வதில் தவறில்லை. உடைந்தால்தான் ஆபத்து. உள்ளே அரை முதல் ஒரு கிராம் பாதரசம் இருக்கும். விழுங்கினால் பெரும்பாலும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். ஆவியை மூச்சில் இழுத்தால் சுமார் 80 சதவீதம் உடம்பிலேயே தங்கிவிடும். மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். சூடு ஏற ஏற ஆவியும் கூடும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், ஜன்னல் சாத்திய அறையில் நினைத்துப் பாருங்கள்.

துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, மணிகள் இன்னும் சிதறும். பிள்ளையை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்தேன். கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்தேன். சிங்க்கில் கொட்டினால் சாக்கடை வழியே ஏரிக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசம் என்ற இன்னும் கொடிய விஷமாக்க, மீன் வழியே நம் தட்டுக்கே திரும்பும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் தெரியவந்த நோய், ஆலைக் கழிவில் இருந்த மீத்தைல் பாதரசம் மீன் வழியே வந்ததால்தான். நம் கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டதும் பாதரசக் கழிவால்தான்.

டிஜிட்டலில் பீப் சத்தம் வரும்வரை அக்குளில் வைத்தால் போதும். "தப்பாகக் காட்டுகிறது" என்பவர்களில் பலர் அதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். ஒரே பயம், அந்தப் பொத்தான் பேட்டரி. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நெற்றியில் காட்டுவது கொரோனா காலத்தில் வாசலில் நிறுத்திப் பார்க்க உதவியது, சரி. வெயிலில் வந்த நெற்றியில் கூடுதலாகவும், வியர்த்த நெற்றியில் குறைவாகவும் காட்டலாம். நம் ஊருக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நான் டிஜிட்டல்தான் வாங்கினேன். அப்புறம், அந்தப் பாட்டில்: உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவு என்றே 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின. மற்ற குப்பையோடு கலக்காமல், இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.