ரேடான் ஃபேன்: நுரையீரலுக்கு நல்லது, காதுக்கு ஆகாது

வீட்டுத் தரைக்கு அடியில் சேரும் ரேடான் வாயுவை உறிஞ்சி வெளியே விடும் ஃபேனைப் போன மாதம் மாற்றினோம். அந்தப் பேச்சு வாட்ஸப் குழுவில் வந்தபோது, ஜோகன்னஸ்பர்க்கின் வடக்கே ஃபோர்வேஸ் பக்கம் புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர் பிடித்துக்கொண்டார். "ரேடான் மீட்டர் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா? தரையைத் துளைச்சுக் குழாய் போடற வேலை அவசியமா? உங்களுக்குத் திருப்தியா?" முதல் இரண்டுக்கும் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன்: வாங்கலாம், அளந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

அடிப்படை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து வெளியேறும் வாயு ரேடான். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. 3.8 நாளில் பாதி அழிந்துவிடும். ஆனால் அழியும்போது பிறக்கும் பொலோனியம்தான் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா கதிரை வீசுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட்டுக்கு அடுத்த பெரிய காரணம் இது. புகைபிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் (விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) இருக்கட்டும், முடியாத இடத்தில் 300-ஐத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன கணக்கு. அமெரிக்காவில் 148-ஐ எட்டினாலே சரிசெய்யச் சொல்கிறார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் ரேடான் என்றதும் எல்லோரும் தெற்கே கை காட்டுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. இங்கே தங்கம் இருக்கும் பாறையிலேயே யுரேனியமும் இருக்கிறது; 1952-இல் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் அதைப் பிரித்தெடுக்கும் ஆலையே வைத்தார்கள். சுரங்கத்திலிருந்து கொட்டிய அந்த மஞ்சள் மண்மேடுகளைக் காட்டி "அங்கேதான் பிரச்சினை, நாம வடக்கே இருக்கோம்" என்று மிட்ராண்டில் பாதிப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். மிட்ராண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? கிரானைட். 300 கோடி வருஷத்துக்கும் மேல் பழையது. கிரானைட்டிலும் யுரேனியம் உண்டு. திறந்த வெளியில் அந்த வாயு காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் அதன் மேல் ஒரு கான்கிரீட் தளம் போட்டு, நாலு சுவர் எழுப்பி, ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுத்தால் விஷயம் வேறு.

சாத்தாமல் இருக்க முடியுமா? இதைத்தான் இணையத்தில் எழுதுகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜூலை இங்கே குளிர்காலம், விடிகாலையில் புல்தரை வெள்ளையாக உறைந்திருக்கும். அதைத் தாங்கிக்கொண்டாலும், இந்த ஊரில் ராத்திரி ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்க யாருக்குத் தைரியம்? கம்பி இருக்கிறது, அலாரம் இருக்கிறது, இருந்தும் சாத்தித்தான் வைக்கிறோம். உள்ளே ஹீட்டர் ஓடும். சூடான காற்று மேலே ஏறிக் கூரை இடுக்கு வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, தரை விரிசலிலும் குழாய் நுழையும் ஓட்டையிலும் கீழேயிருந்து மண்காற்று உறிஞ்சப்படும். குளிர்காலம் முழுக்க வீடே இப்படி பூமியிலிருந்து மூச்சு வாங்குகிறது. எங்கள் படுக்கையறையில் குளிர்கால சராசரி 300-க்கு மேல். சில ராத்திரிகளில் 400-ஐத் தாண்டியது.

மீட்டரைப் பற்றிப் புகார் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. ஒரே எச்சரிக்கை, முதல் சில நாள் அது காட்டும் எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது. உள்ளே இருக்கும் அறை கைப்பிடியளவு கூட இல்லை. அதற்குள் ஒரு மணி நேரத்தில் நடக்கும் சிதைவுகள் சொற்பம், அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. காலையில் 40, மாலையில் 190 என்று தாவும். ஒரு வாரம் போனால் நிதானத்துக்கு வரும், ஒரு மாதம் போனால் நம்பலாம். இவ்வளவு பொறுமை இருக்கிறவர் ஆல்ஃபா ட்ராக் என்கிற சின்ன பிளாஸ்டிக் வில்லையை மூன்று மாதமோ ஒரு வருஷமோ வைத்துவிட்டு லேபுக்கு அனுப்பலாம். துகள் பட்ட தழும்பை எண்ணிச் சொல்வார்கள். விலை குறைவு, தினமும் எண் பார்த்து மனசு கெடவும் கெடாது.

குழாய் வேலைக்கு வருவோம். தத்துவம் எளிது: தளத்துக்குக் கீழே இருக்கும் காற்றை வீடு உறிஞ்சுவதற்கு முன்னால் ஃபேன் உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிட வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் தளத்தை வட்டமாக வெட்டும் கோர் டிரில் போட்டு, கீழே இரண்டு வாளி மண்ணைத் தோண்டி எடுத்து, கழிவுநீருக்குப் போடும் அதே 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை இறக்கினார். நல்ல வேலைக்காரர். ஆனால் ஃபேனை அலமாரிக்குள் வைத்துவிடலாம், பராமரிக்கச் சுலபம் என்றார். கூடாது. ஃபேனுக்கு மேலே இருக்கும் குழாயில் காற்று அழுத்தத்தோடு போகும். அங்கே ஒரு மூட்டு கசிந்தால் மண்ணிலிருந்த ரேடானை நாமே பிடித்து வந்து படுக்கையறையில் விட்டது மாதிரி ஆகும். பரணிலோ வெளிச்சுவரிலோதான் வைக்க வேண்டும். பரணில் வைத்தோம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அன்றைக்குப் பார்த்த ஒரு காட்சிக்காகவே அந்தச் செலவு தகும். இழுவை வீட்டின் கடைசி மூலை வரை எட்டுகிறதா என்று தெரிய வேண்டும். ஹாலின் எதிர் மூலையில் விரல் நுழையாத ஒரு துளை போட்டார். புகைவிட்டுப் பார்க்கும் குப்பியைக் கொண்டுவரவில்லை. பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொடுத்தேன். புகை நூல் பிடித்தது போல நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அப்படியே வளைந்து தரைக்குள் இறங்கியது. என் மனைவி இரண்டாவது ஊதுபத்தியையும் ஏற்றிப் பார்த்தாள்.

பலன்? அடுத்த குளிர்காலத்தில் சராசரி 55. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்செலவு மாதத்துக்கு 43 யூனிட் போல; ப்ரீபெய்ட் மீட்டரில் பெரிதாகத் தெரியவில்லை. அலமாரிக்குள் பழைய மண்வாடை ஒன்று இருந்தது, அதுவும் போய்விட்டது. குழாயில் ஒட்டியிருக்கும் U வடிவக் கண்ணாடியில் சிவப்புத் திரவம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும். அப்படி ஏற்றத்தாழ்வாக இருந்தால் ஃபேன் இழுக்கிறது, சமமாக நின்றால் படுத்துவிட்டது.

இப்போது அந்தச் சத்தம்.

பரணில் ஃபேன். ஃபேனைப் பிடித்திருக்கும் குழாய் கூரையின் மரச்சட்டத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஊர் அடங்கியதும், யாரோ கூரைக்குள் உட்கார்ந்து தம்பூரா மீட்டுகிற மாதிரி ஒரு ம்ம்ம்ம். கச்சேரி மட்டும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. வயலின் படிக்கும் மகள் ட்யூனர் ஆப்பை வைத்துப் பார்த்து, "ஜி-க்கு ஒரு பொட்டு மேலேப்பா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டார் அதன் இரட்டிப்பில், 100-இல் அதிரும். ஜி ஸ்வரம் 98. காரணம் தெரிந்துகொண்டதால் தூக்கம் வந்துவிடவில்லை.

"ஏங்க, அது சத்தமே இல்லீங்க. நீங்க காது குடுத்துக் கேக்கறதாலதான் கேக்குது" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவாள். விடிகாலை ஹடீடா பறவை கூரையில் உட்கார்ந்து கத்தும்போது அவள் எழுந்து திட்டுவாள், எனக்கு அது ஒரு மாறுதலாக இருக்கும்.

லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ராத்திரி கரண்ட் போனால் சொர்க்கம். ஃபேன் நிற்கும், கண்ணை மூடினால் தூக்கம். காலையில் மீட்டரைப் பார்த்தால் எண் ஏறியிருக்கும். நான் நன்றாகத் தூங்கிய ராத்திரிகள் எல்லாம் மண்காற்று வீட்டுக்குள் வந்த ராத்திரிகள்! கடைசியில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, டிபி போர்டில், அதாவது வீட்டு மின்பலகையில், ஃபேனை இன்வெர்ட்டர் பக்கம் மாற்றினோம். நியாயமான வேலைதான். எனக்கு இருந்த ஒரே வடிகாலும் அதோடு அடைபட்டது. 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பெரும்பாலும் ஓய்ந்தது, நாடு மகிழ்ந்தது, எனக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

இந்த வருஷம் பேரிங் போனது. ம்ம்ம்-க்கு மேலே ஒரு கீச் சேர்ந்துகொண்டது, பிறகு ஒரு நாள் இரண்டுமே நின்றன; சிவப்புத் திரவம் சமமாக நின்றது. புது ஃபேன் இறக்குமதியாகி வர வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் எண் பழையபடி 300-ஐத் தொட்டது. ஃபேன் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மாற்றும்போது குழாய்க்கும் ஃபேனுக்கும் நடுவில் ரப்பர் இணைப்பு போட்டு, மரச்சட்டத்தோடு இருந்த பிடிப்பையும் எடுக்கச் சொன்னேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, அந்த ஒப்பந்தக்காரருக்குத் தோன்றவில்லை. சத்தம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. மீதி இருக்கிறது.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால் பக்கத்து வீட்டில். அங்கே இருக்கும் பெரியவர், நிறவெறி ஆட்சி முடிந்த 94-க்குப் பிறகு, அந்த ஆட்சி இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லெனேசியாவிலிருந்து வந்து ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கியவர். நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசுவார், "தம்பி" மட்டும் தமிழில். என் மீட்டரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தார். 340. அவர் வீடு மரத்தரை, அடியில் இரண்டு அடி வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குக் காற்று போக வெளிச்சுவரில் ஓட்டைச் செங்கல்கள் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். எலிக்கும் குளிருக்கும் பயந்து யாரோ பூசி அடைத்துவிட்டார்கள். பூச்சைக் கொத்தி எடுத்து, எலி நுழையாமல் கம்பி வலை அடித்தார். அடுத்த குளிர்காலத்தில் 110. ஃபேன் இல்லை, கரண்ட் இல்லை, சத்தம் இல்லை. "கால் கொஞ்சம் ஜில்லுனு இருக்கு தம்பி" என்று ஆங்கிலத்தில் குறைபட்டுக்கொண்டார். சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நண்பரே, வீடு விற்கும்போது மின்சாரச் சான்றிதழ் கேட்கிற இந்த ஊரில் ரேடானை யாரும் கேட்பதில்லை. அதனால் நீங்களே அளக்க வேண்டும், அதுவும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, படுக்கையறையில், ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் தள்ளி. 100-க்குக் கீழே இருந்தால் மறந்துவிடுங்கள். 300-க்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம். விரிசலைப் பூசி அடைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது துணை வேலை. குழாய் போடுவதென்றால் கராஜ் பக்கம் ஏற்றச் சொல்லுங்கள், ரப்பர் இணைப்பு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மீட்டருக்கு ஐந்துக்கு நான்கு. ஃபேன் அமைப்புக்கு இரண்டு. 300-ஐ 55 ஆக்கிய பொருளுக்கு இரண்டா என்றால், ஆமாம், இரண்டுதான். தூக்கம் கெட்டவன் போடுகிற மதிப்பெண் இது. நாளைக்கே இதுவும் நின்றுபோனால் அன்றைக்கே இதே ஃபேனை ஆர்டர் செய்வேன், அது வேறு விஷயம். புது மீட்டர் வாங்க அவசரப்படாதீர்கள், என்னுடையது இப்போது பெரியவர் வீட்டு விருந்தினர் அறையில் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் வாங்கித் தருகிறேன். பேட்டரி உங்கள் செலவு.