பழைய ஹைலக்ஸுக்கு மூன்று டாம்பர்களும் ஒரு மீன் தராசும்

விடியற்காலை ஐந்தரை மணி. குச்சவெளியில் மீன் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வருகிறேன். இறக்கக்கண்டிப் பாலத்தின் இணைப்பில் முன் சக்கரங்கள் தட்டியதும் ஸ்டியரிங் என் கையை உதறிவிட்டு ஆடத் தொடங்கியது. லேசான நடுக்கம் அல்ல. பேயோட்டும்போது ஆடுகிறவர்களைப் போல முன்பக்கம் முழுவதும் இடமும் வலமும் அடித்தது. வேகம் முப்பதுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடங்கியது. பின்னால் ஐஸ்பெட்டியின் மூடி திறந்து, பாலத்தின் மேல் பாதி சூடை மீன் கிடந்தது. காகங்களுக்கு அன்று நல்ல நாள்.

வண்டி 1993ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், அதாவது இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்; மாதிரி எல்என்106. 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். முன்பக்கமும் முழு அச்சு, அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே இரும்பு; அதற்கும் பட்டை ஸ்பிரிங். பாரம் ஏற்றுகிறவர்கள் இதைக் கொண்டாடுவது அந்த முழு அச்சுக்காகத்தான். ஆனால் ஒரு சக்கரம் உதறினால் மற்றச் சக்கரத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வதும் அதே அச்சுதான். முந்தைய உரிமையாளர் அழகுக்காக 31 அங்குல டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் போட்டுவிட்டுப் போனார். அந்த அழகின் வட்டியை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டியை மாற்றலாமே என்பார்கள். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் மீண்டும் திறந்தபோது விலையைப் பார்த்துவிட்டு நான் பழைய வண்டியைக் கழுவப் போய்விட்டேன்.

ஸ்டியரிங் டாம்பர் என்பது படுக்கவைத்த ஒரு சின்ன ஷொக் அப்சோபர். ஒரு முனை அசையாத இரும்பில் இருக்கும், மறு முனை ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து ஓடும். உள்ளே எண்ணெய், சின்னத் துளைகள். மெதுவாகத் திருப்பினால் வழிவிடும், வேகமாக உதறினால் மறிக்கும். என் வண்டியில் இருந்தது முப்பது வருடம் உழைத்துவிட்டு, எண்ணெயெல்லாம் வடித்து, வெறும் குழாயாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் குற்றவாளி அகப்பட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் தவறு அது.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைப் பக்கம் போன லொறிக்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, ரீகண்டிஷன் டாம்பர் ஒன்றை 6,500 ரூபாய்க்கு எடுப்பித்தேன். கடையின் பெயர் வேண்டாம். பூட்டியதும் ஆட்டம் நின்றது, எனக்கும் பெருமை. ஆறு வாரம் கழித்து சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பள்ளத்தில் விழுந்தபோது பேய் திரும்பி வந்தது. கழற்றித் தண்டை இழுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு அங்குலம் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கியது, அதன் பிறகு கொஞ்சம் பிடித்தது. எண்ணெய் குறைந்து உள்ளே காற்று ஏறிவிட்டால் இப்படித்தான் இருக்கும். பழையதை வாங்குகிறவர்கள் கடையிலேயே தண்டை முழு நீளத்துக்கும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். போக்கிலும் வரவிலும் ஒரே கனம் இருக்க வேண்டும், நடுவில் எங்கும் வெறுமை தட்டக் கூடாது. நான் அதைச் செய்யவில்லை.

அனுராதபுரச் சந்திக்கு அப்பால் உள்ள கராஜ்காரர் ஒருவரிடம் வண்டியை விட்டேன். தம்பலகாமத்து மனிதர், பேச்சு குறைவு. டாம்பரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"தம்பி, இது இல்லாமல் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வாருங்கள். நாற்பதுக்கு மேல் போகாதீர்கள்."

நாற்பதுக்கு முன்பே ஆடியது.

"அப்படியானால் வருத்தம் வேறு இடத்தில். நீங்கள் இவ்வளவு நாளும் பனடோல் கொடுத்திருக்கிறீர்கள்."

முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தார். சக்கர பெயரிங்கை இறுக்கிய பிறகும் அசைவு போகவில்லை. அச்சின் முனையில் சக்கரத்தைத் தாங்கித் திரும்புகிற துண்டுக்கு நக்கிள் என்று பெயர். இந்த அச்சில் சக்கரம் திரும்புவது அந்த நக்கிளுக்கு மேலும் கீழும் இருக்கிற இரண்டு சின்ன பெயரிங்குகளின் மேல். அவை தேய்ந்து தளர்ந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு உதறும். இரண்டு பக்கமும் போயிருந்தது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற டை ரொட் தண்டின் முனை ஒன்றும் கையால் சுற்றினாலே சுற்றியது. சக்கரங்களைப் பலன்ஸ் செய்து எத்தனை மாதம் என்று கேட்டார். வருடம் என்று சொல்ல வெட்கப்பட்டு, மறந்துவிட்டது என்றேன்.

புது பெயரிங் போட்ட பிறகு அவர் செய்த வேலையைக் கிட்ட இருந்து பார்த்தேன். டை ரொட்டைக் கழற்றிவிட்டு, "மீன் நிறுக்கிற வில்தராசு வண்டியில் இருக்கிறதா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதன் கொக்கியை நக்கிளிலிருந்து நீளும் கையின் நுனித் துளையில் மாட்டி, அந்தக் கைக்குச் செங்கோணமாக இழுத்தார். முள் இரண்டு கிலோவுக்கு வருமுன்பே நக்கிள் நகர்ந்துவிட்டது. மேல் மூடியைத் திறந்து, தாள் போன்ற ஷிம் தகடு ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கினார். இப்போது நான்கு கிலோவைத் தாண்டிய பிறகே அசைந்தது. "போதும்" என்று தராசைத் துடைத்துத் திருப்பித் தந்தார். பாரை மீன் நிறுத்துப் பழகிய தராசு, அன்று என் வண்டியின் கழுத்தெலும்பை நிறுத்தது.

அதற்குப் பிறகு டாம்பரே இல்லாமல் நிலாவெளி வரை போய் வந்தேன். ஆட்டம் இல்லை. ஆனால் பெரிய டயர் என்பதால் ஒவ்வொரு குழியும் கையில் வந்து குத்தியது. டாம்பர் அந்தக் குத்தை வாங்கிக்கொள்வதற்கு, ஆட்டத்தை மறைப்பதற்கு அல்ல என்று கராஜ் அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

புதிதாக ஒன்று வாங்கப் போனால் நகரத்திலேயே ஒரு கடையில், பெயர் தெரியாத தயாரிப்பு, "கேஸ் டைப், நல்ல ஸ்ட்ரோங்" என்று 14,000 ரூபாய்க்குத் தந்தார்கள். வீட்டில், தண்டை உள்ளே அமுக்கி வைத்திருந்த கட்டுப்பட்டியை வெட்டியதும் தண்டு தானாகவே மெல்ல வெளியே வந்தது, ஓட்டுக்குள்ளிருந்து ஆமை தலை நீட்டுவதுபோல. அழகாக இருந்தது, சந்தேகப்படத் தோன்றவில்லை. பூட்டி ஓட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. நேர் வீதியில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிண்ணியாவுக்குப் போய் வருமுன் தோள் கடுத்துவிட்டது.

காரணம் எளிது. உள்ளே வாயு அழுத்தம் பிஸ்டனின் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கம் தண்டு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கே அழுத்தம் படுகிற பரப்பு குறைவு. மிச்சமான விசை தண்டை எப்போதும் வெளியே தள்ளும். தட்டுத் தராசின் மேல் தண்டு கீழே இருக்கும்படி நிறுத்தி அமுக்கினேன். முள் 15 கிலோவைத் தொட்ட பிறகே தண்டு உள்ளே போனது. நிமிர்ந்து நிற்கிற ஷொக் அப்சோபரில் இது பெரிய விஷயம் இல்லை, ஸ்பிரிங் சமாளித்துவிடும். படுத்துக் கிடக்கும் ஸ்டியரிங் டாம்பரில் யாரோ உங்கள் ஸ்டியரிங்கை நாள் முழுவதும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிற கதை. ஆகவே கடையில் கட்டுப்பட்டியை வெட்டச் சொல்லிப் பாருங்கள். தண்டு விட்ட இடத்திலேயே நின்றால் வாங்கலாம். தானாக வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவதுதான் இப்போது வண்டியில் இருப்பது: ஓல்ட் மேன் ஈமு, அவுஸ்திரேலிய ஏஆர்பி நிறுவனத்தின் டாம்பர். முழு அச்சு ஹைலக்ஸ் அங்கேயும் நிறைய ஓடிய வண்டி, அதனால் அதற்கென்றே பொருள் கிடைக்கிறது. சிட்னியிலிருந்து கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைக்க வந்த சித்தப்பாவின் மகன், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் கணக்கில் விலை ஒன்றும் இல்லை. 2022க்குப் பிந்தைய நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் அடைக்கிறது.

பூட்டுமுன் நீளம் பார்த்தோம். சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி, பொருத்துமிடங்கள் நெருங்குவதையும் விலகுவதையும் அளந்துகொண்டோம். டாம்பர் சுருங்கும் அளவும் நீளும் அளவும் இரு கோடியிலும் இரண்டு விரல் மிச்சம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுத் திருப்பத்தில் ஸ்டியரிங்கை நிறுத்துவது நிறுத்து போல்ட் அல்ல, டாம்பராகிவிடும். அன்றே எண்ணெயை உள்ளே அடைத்து வைத்திருக்கிற சீல் கிழியும். சக்கரம் நேராக நிற்கும்போது தண்டு நடுவாக நிற்கட்டும்.

எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். ஹபரணை வீதியிலும் புல்மோட்டை வீதியிலும் பாரத்தோடு ஓட்டம். குழியில் விழுந்தால் ஸ்டியரிங் ஒரு தரம் தட்டிவிட்டு அமைதியாகிறது. மீன் சந்தை நெருக்கடியில் மெதுவாகத் திருப்பும்போது கூடுதல் கனம் தெரியவில்லை. மட்டிக்களிப் பக்கம் ஒரு புள்ளிமான் குறுக்கே பாய்ந்தபோது வெட்டித் திருப்பினேன், வண்டி வாலாட்டாமல் நேரே வந்தது. இரட்டை டாம்பர் போடச் சொல்லி நண்பர்கள் சிலர் தொந்தரவு செய்கிறார்கள். 35 அங்குல டயர் போட்டுக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். நான் மீன்காரன். திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் சோம்பலாகத் திரும்பி வருவது எனக்குப் பிடிக்காது.

நமக்கு உண்மையான எதிரி உப்பு. ஐஸ் உருகிய தண்ணீரும் கடற்கரை மணலும் தண்டின் குரோம் பூச்சில் ஊசிமுனைத் துரு போட்டால், அந்தத் துரு சீலை அரம்போல் அராவிவிடும். பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கிலிருந்து எடுத்த ரப்பர் உறையைத் தண்டுக்கு மாட்டியிருக்கிறேன். தண்ணீர் உள்ளே தேங்காமலிருக்க அடியில் ஒரு சிறு வெட்டு. கரைவலைக்குப் போய் வந்த நாளில் நல்ல தண்ணீரால் ஒரு கழுவல்.

அந்த 14,000 ரூபாய் கேஸ் டாம்பரைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். இப்போது அது ஐஸ்பெட்டியின் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. கொளுக்கியைத் தட்டினால் மூடி தானாகவே மெல்ல எழும்பி நிற்கும். மீன் வாங்க வருகிற பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் தரம் மூடச் சொல்கிறார்கள்.