கோத்தகிரியில் பழைய டஸ்டர் ஆல்-வீல் டிரைவ்: நான்கு வருட அனுபவம்

எங்கள் வீடு கோத்தகிரி மெயின் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் கீழே, தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் இருக்கிறது. வெயில் காலத்தில் எந்த வண்டியும் வந்து போகும். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் கதை வேறு. கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனையும், எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. அந்த நாட்களில் பழைய காரை மேலே ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, காய்கறிப் பையும் கேஸ் சிலிண்டருமாக நடந்து இறங்குவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அது முடியாமல் போயிற்று.

2021 தொடக்கத்தில் கோவையில் இந்த டஸ்டரை வாங்கினேன். 2016 மாடல், 62,000 கிலோமீட்டர் ஓடியது. நான்கு சக்கரமும் இழுக்கும் இந்த ஆல்-வீல் டிரைவை ரெனோ இந்தியாவில் 2014இல் கொண்டுவந்தது. 1.5 லிட்டர் டீசல், ஆறு கியர். பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020இல் டீசல் டஸ்டர் நின்றுவிட்டதால் பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். சென்னையில் ஒன்று விலை குறைவாக வந்தது. கடலோரத்தில் நின்ற வண்டி, அடியில் துரு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மீட்டரைவிட டயரைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நான்கும் ஒரே கம்பெனியாக, ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். முன்னால் புதுசும் பின்னால் மொட்டையுமாக இருந்தால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். பின்சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகும், அது போனால் செலவு தாங்காது.

அப்புறம், ஈரமான மண்மேடு ஒன்றில் ஆல்-வீல் டிரைவ் நாபை, பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் 'லாக்'கில் வைத்து முதல் கியரில் மெதுவாக ஏற்றினேன். பின்சக்கரம் மண்ணை வாரி அடிக்கிறதா என்று மச்சானைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். அடித்தது. அவர் வேட்டி முழுக்கச் சேறு. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தேன். கம்ப்யூட்டர் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெரிய ஜீப்புகளில் இருப்பது போல, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் இதில் கிடையாது. ஆனால் முதல் கியர் மிகச் சின்னது. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஆள் நடக்கிற வேகத்தில் ஊரும். எங்கள் பாதையில் கடைசி வளைவுக்கு முன்னால் சிவப்பு மண் சோப்பு மாதிரி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. முன்சக்கரம் ஒரு நொடி சும்மா சுற்றும், உடனே பின்னாலிருந்து யாரோ தோள் கொடுப்பது போல வண்டி மேலே நகரும். அம்மா இப்போது வாசலில் வந்து இறங்குகிறார். எனக்கு அதுவே போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு சக்கர இழுவை ஏறுவதற்குத்தான் கைகொடுக்கும், பிரேக் பிடிப்பதற்கு அல்ல. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு அது சூடாகிப் பிடிக்காமல் போகிறது. எந்த வண்டியானாலும் இறக்கத்தில் இரண்டாம் கியர்தான். முதல் மழையில் இந்த வண்டியின் தைரியத்தில் கொஞ்சம் வேகமாக இறங்கி, வளைவில் வழுக்கி ஓடைப் பக்கம் போய் நின்றேன். அம்மா அன்று வண்டியில் இல்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

செலவைச் சொல்கிறேன். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லாததால் வாங்கியதும் மாற்றினேன். 95,000 கிலோமீட்டரில் புது கிளட்ச் போட்டேன். மலையில் அது சீக்கிரம் தேயும், என் கால் பழக்கமும் ஒரு காரணம். மைலேஜ் 13, கோவைக்குப் போய் வந்தால் 16. பின் அச்சில் இருக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த டஸ்டர் விற்பனை 2022இல் நின்றது. அதனால் பின் அச்சு சம்பந்தப்பட்ட சாமான்களுக்கு மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இப்போது 1,16,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் ஒரு டயர் கல்லில் கிழிந்தது. மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்தவை, அதனால் மழைக்கு முன் நான்கையும் சேர்த்தே மாற்றப் போகிறேன்.