காயில் சிமுலேஷன்: முழு மெஷ்ஷா, ஒரு தகட்டு இடைவெளியா, நுண்துளைப் பெட்டியா?

ஏசி, குளிர்பதன யூனிட்டின் காயில் என்பது மெல்லிய தகடுகளைத் துளைத்துக் குழாய்கள் ஓடும் வெப்பமாற்றி; அதன் வழியே காற்றும் வெப்பமும் எப்படிப் போகின்றன என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் காயில் சிமுலேஷன். மதுரையில் அதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகக் கண்டென்சரை, அதாவது வெப்பத்தை வெளியே தள்ளும் காயிலை, தகடு தகடாக வரைந்து வைத்திருக்கும் பொறியியல் மாணவர்கள் ஒரு பக்கம். மே மாத வெயிலில் ஹை பிரஷர் ஏறி அடிக்கடி நின்றுபோகும் யூனிட்டுக்குக் காரணம் தேடும் குளிர்பதனத் தொழில்காரர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் இருவருக்குமே வேண்டாத வழி ஒன்று உண்டு: காயில் முழுவதற்கும் மெஷ் போடுவது, அதாவது மொத்த இடத்தையும் கணக்கிடுவதற்காகச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிப்பது.

ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம், மூன்று வரிசைக் குழாய், 66 மி.மீ. ஆழம் கொண்ட சாதாரணக் காயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2.1 மி.மீ.க்கு ஒரு தகடு என்றால் மொத்தம் சுமார் 476 தகடுகள். ஓர் இடைவெளியை அரை மி.மீ. செல்களாகப் பிரித்து, குறுக்கே 14 அடுக்கு வைத்தால் செல் எண்ணிக்கை 18 லட்சத்தைத் தாண்டும். முழுக் காயிலுக்கு ஏறக்குறைய 88 கோடி. பத்து லட்சம் செல்லுக்கு ஒன்றிரண்டு ஜிபி நினைவகம் என்பது இத்துறையின் வாய்ப்பாடு. இத்தனை செலவில் 476 இடைவெளிகளிலும் கிட்டத்தட்ட ஒரே படத்தைத்தான் பார்க்கப்போகிறோம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

ஒரே ஓர் இடைவெளியை, அதிலும் பாதியை மட்டும் எடுப்பது புத்திசாலித்தனம். தகட்டின் நடுவிலிருந்து காற்றிடைவெளியின் நடுவரை, உயரத்தில் அடுத்தடுத்த குழாய்களின் மைய இடைவெளியில் பாதி, பக்கங்களில் ‘அந்தப் பக்கமும் இதே போலத்தான்’ என்று சொல்லும் சமச்சீர் எல்லை. சில லட்சம் செல்களில் முடிந்துவிடும், மடிக்கணினி போதும். ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில் காற்றையும் உலோகத்தையும் சேர்த்தே கணக்கிடும் சால்வர் இலவசமாகக் கிடைக்கிறது. பொறி இருப்பது வேறு இடத்தில். முகப்பில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் காற்று குழாய்களுக்கிடையே 3.4 மீட்டராக ஏறினாலும், இடைவெளி 2 மி.மீ.தான் என்பதால் ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 800-ஐ ஒட்டியே நிற்கும். அது சீரான ஓட்டம். அங்கே பழக்கதோஷத்தில் கொந்தளிப்பான ஓட்டத்துக்கான கே-எப்சிலான் மாடலையும் சுவர்ச் சார்பையும் போட்டால் வெப்பக் கணக்கு தடம் புரளும். தகடு முழுக்க ஒரே வெப்பநிலை என்று கொடுத்துவிடுவது இன்னொரு பிழை. 0.12 மி.மீ. அலுமினியத்தில் குழாயை விட்டு விலக விலக வெப்பநிலை மாறும்; அதை விட்டுவிட்டால் விடை உண்மையைவிட அழகாக வரும். குழாயை உள்ளிருந்து விரித்துத் தகட்டோடு இறுக்கும் வேலை எவ்வளவு சரியாக நடந்தது என்பதும் இந்தப் படத்தில் தெரியாது.

சாதாரணத் தட்டைத் தகட்டுக்கு இந்த வழியைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங், சி, சாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 74 காயில்களின் சோதனைத் தரவிலிருந்து வெப்பத்துக்கும் அழுத்த இழப்புக்கும் 2000-இல் வெளியிட்ட சூத்திரங்கள் இருக்கின்றன. ஒரு எக்ஸெல் தாள் போதும். பெரும்பாலான தரவுக்கு 15 சதவீதத்துக்குள் பொருந்தும் கருவி கையில் இருக்கும்போது மெஷ் எதற்கு? தகட்டின் வடிவத்தையே மாற்றுகிறீர்களா, புதுவிதமாக லூவர் எனும் சாய்ந்த பிளவுகளை வெட்டுகிறீர்களா, அப்போது ஓர் இடைவெளி சிமுலேஷனுக்கு வேலை இருக்கிறது.

என் கட்சி நுண்துளைப் பெட்டி. காயிலை வரையாமல், அது இருக்கும் இடத்தில் காற்றைத் தடுக்கும் ஒரு பெட்டியை வைப்பது. வினாடிக்கு 1 மீட்டரில் 10 பாஸ்கல், 2 மீட்டரில் 28 பாஸ்கல் அழுத்தம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வேகத்தை v என்று வைத்து 6v + 4v² என்று பொருத்தி, மென்பொருள் கேட்கும் டார்சி-ஃபோர்ச்ஹைமர் தடைக் கெழுக்களாக மாற்றினால் முதலாவது சுமார் 49 லட்சம், இரண்டாவது 107. குழாய் ஓடும் திசையில் மட்டும் இவற்றை ஆயிரம் மடங்காக்க வேண்டும். தகட்டைத் துளைத்துக்கொண்டு காற்று பக்கவாட்டில் போக முடியாதல்லவா? மூன்று திசைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு ‘விடை பொருந்தவில்லை’ என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

இந்தப் பெட்டி எதற்குப் பயன்படும் என்பதற்கு டவுன் ஹால் ரோடு விடுதிகளின் பின்பக்கச் சந்து ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் அவுட்டோர் யூனிட்டுகள். ஒன்று துப்பும் சூட்டை மற்றது விழுங்கும். நம் காயிலில் நுழையும் காற்று 40 டிகிரி, உள்ளே வாயு திரவமாகும் கண்டென்சிங் வெப்பநிலை 52 டிகிரி, எஃபெக்டிவ்னஸ் (அதிகபட்சம் மாறக்கூடிய வெப்பத்தில் உண்மையில் மாறும் பங்கு) 0.7 என்றால் சுமார் 9.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். வெளியேறும் காற்றில் 20 சதவீதம் திரும்பி வந்தாலே நுழையும் காற்று 41.8 டிகிரி ஆகிவிடும்; வெளியேறும் வெப்பம் 15 சதவீதம் சரியும். அதை ஈடுகட்ட கண்டென்சிங் அழுத்தம் ஏறும். கேட்டலாக்கில் 35 டிகிரிக்குப் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்கியவர் மெக்கானிக்கைத் திட்டுவார். அந்த 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தகட்டிடைவெளிப் படமும் எக்ஸெல் தாளும் சொல்லாது. அந்தச் சந்து, சுவர், ஃபேன் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும் பெட்டி மாடல்தான் சொல்லும். மில் பஞ்சும் தெருப் புழுதியும் அடைத்த காயிலையும் தடைக் கெழுவை உயர்த்தி இதிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

மென்பொருள் சண்டைக்குள் நான் நீண்ட நேரம் நிற்க மாட்டேன். ஃபுளூயன்ட் என்ற வணிக மென்பொருளில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெப்பமாற்றி) மாடல் தயாராகவே இருக்கிறது, விலை கடிக்கும். மாணவர் பதிப்பில் செல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஓப்பன்ஃபோமிலும் எஃபெக்டிவ்னஸை வைத்து வெப்பத்தைக் கணக்கிடும் வசதி உண்டு, அமைப்புக் கோப்புகளை நீங்களே எழுத வேண்டியிருக்கும், காசு போகாது.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்குக் குளிர்அறை போடுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன கணக்கெல்லாம் உலர்ந்த காயிலுக்கு. பூ அறையின் எவாப்பரேட்டரில், அதாவது குளிரூட்டும் காயிலில், ஈரம் படியும், வெப்பநிலை போதிய அளவு இறங்கினால் பனியும் பிடிக்கும். அதனால்தான் குளிர்அறைக் காயிலில் தகடுகளை 4 முதல் 6 மி.மீ. வரை தள்ளி வைக்கிறார்கள். காற்றிலிருந்து நீர் பிரிவதற்கும் காயிலின் திறனில் ஒரு பங்கு போய்விடும், பூவும் வாடும். அங்கே முதலில் காற்றின் வெப்பநிலையையும் ஈரத்தையும் காட்டும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டை விரித்து ஈரக் கணக்கை முடித்துவிட்டு, காற்று கூடைகளுக்கிடையே எப்படிப் போகிறது என்று பார்க்க மட்டும் பெட்டி மாடலுக்கு வாருங்கள்.