மிண்டாட்டம் முட்டிப்போகும் கம்ப்யூட்டரோடு ஆறு வருடம்

2021 ஓணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும். தென்காசி ஜவுளிக்கடை ஒன்றுக்கு மலையாளத்தில் ஆட்டோ விளம்பரம் பேச, ஆரியங்காவிலிருந்து சேச்சி வந்திருந்தார். சாரல் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. முக்கால்வாசி பேசி முடித்த நேரத்தில் கரண்ட் ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்தது. டியூப்லைட் சிமிட்டியது, ஃபேன் நிற்கவே இல்லை, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து தானாகவே மறுபடி எழுந்தது. எழுந்த பிறகு ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஹெட்போனை மாட்டிப் பார்த்த சேச்சி, "ஒச்சயில்லல்லோ" (சத்தமில்லையே) என்றார். கொஞ்ச நேரம் நான் முட்டி மோதுவதைப் பார்த்துவிட்டு, "இதின்றெ மிண்டாட்டம் முட்டிப்போயி" என்று சிரித்தார். வாயடைத்துப் போய்விட்டதாம்! அன்றைக்கு மீதியை போனில் பதிவு செய்து ஒப்பேற்றினேன்.

இருப்பது செங்கோட்டையில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எல்லை புளியரைக்கு அப்பால் போய் இத்தனை வருடமாகியும் பக்கத்துப் பிரானூரை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். இங்கே குரல் பதிவுத் தொழில் செய்தால் இரண்டு மொழியும் வேண்டும். கொரோனா சமயத்தில் முகக்கவசம் போடச் சொல்லும் அறிவிப்பு, குற்றாலம் சீசனுக்கு லாட்ஜ் விளம்பரம், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களுக்கான அன்னதான அறிவிப்பு, எல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். தென்காசி தனி மாவட்டமான அதே 2019 நவம்பரில் திருநெல்வேலியில் அசெம்பிள் செய்து வாங்கினேன். ஒன்பதாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்.எஸ்.டி. தனி சவுண்ட் கார்டு கிடையாது, மதர்போர்டிலேயே பதித்த ஒலிச் சிப்தான். வேகத்தில் இன்று வரை குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் சத்தத்தில்.

முதல் தடவை சத்தம் போனது 2020 ஜூனில். யாரிடம் கேட்டாலும் வந்த பதில் ஒன்றே: "டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க." டிரைவர் என்பது ஒலிச் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர். நானும் போட்டேன். சில நாள் வேலை செய்தது, சில நாள் செய்யவில்லை. ஏன் என்று புரியாமலே அதை ஒரு சடங்கு போலச் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை வெறுத்துப்போய் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். ஃபார்மேட் செய்து, ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, சத்தத்தோடு திருப்பித் தந்தார்கள். சத்தம் இருந்தது, அதுவரை பதிவு செய்து வைத்திருந்த ஒன்றும் இல்லை. "பேக்கப் இருக்குன்னு நெனச்சோம் அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை. இரண்டு வாரத்தில் சத்தம் மறுபடி போனது.

உண்மையான காரணம் தெரிந்தது 2022 பொங்கலில், அதுவும் வெள்ளையடித்ததால். அப்போது சத்தம் போய் மூன்று நாளாகியிருந்தது. சரி, பொங்கல் கழித்துப் பார்ப்போம் என்று மேசையை நகர்த்த எல்லா வயரையும் பிடுங்கி, கேபினெட்டைக் கட்டில் மேல் வைத்துப் போர்வை போர்த்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து மாட்டி ஆன் செய்ததும் கணீரென்று சத்தம். டிரைவரைத் தொடவே இல்லை.

ஆக, மருந்து பிளக்கைப் பிடுங்குவதில்தான் இருந்தது. நாம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டோம் என்று நினைப்போம், அது முழுசாக அணைவதில்லை. அணைத்த பிறகும் மவுசுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் கரண்ட் இருக்கும் வரை, கேபினெட்டுக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட்டை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் எழுந்திருக்க அது தேவை. கரண்ட் முழுசாகப் போய் வந்தால் ஒலிச் சிப் முதலிலிருந்து தொடங்கும். அரைகுறையாகத் தாழ்ந்து ஏறினால் அது பாதி மயக்கத்தில் சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் நூறு தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் மயக்கம் தெளியாது என்பதுதான் நான் கண்டது.

இதற்கு மேல் விண்டோஸும் ஒரு முடிச்சுப் போடுகிறது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் சிஸ்டத்தின் உட்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துத் தொடரும். டிரைவர் குழம்பிய நிலையில் இருந்தால் குழப்பமும் கூடவே வரும். ஆகவே ஷட் டவுன் செய்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பதுதான் சுத்தமான தொடக்கம். கேட்க ஏறுக்குமாறாக இருக்கும், ஆனால் அப்படித்தான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். எஸ்.எஸ்.டி. இருப்பதால் எழுந்திருக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது என் வழக்கம் இது. ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, கேபினெட்டின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடியும்போது சில சமயம் ஃபேன் ஒரு துடி துடிக்கும். மவுஸ் வெளிச்சம் செத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்து வந்து மாட்டுவேன். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி பட்டனை அதே மாதிரி அழுத்துங்கள். பேட்டரி கழற்ற வருமானால் அதையும் கழற்றிவிடுங்கள்.

எனக்கே இதில் சந்தேகம் இருந்தது. அதனால் அந்த வருடச் சாரல் சீசனில் ஒரு சோதனை செய்தேன். விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச சிஸ்டமான லினக்ஸ் மிண்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் போன ஒரு நாளில் ரீஸ்டார்ட் செய்து பென்டிரைவிலிருந்து எழுப்பினேன். லினக்ஸிலும் சத்தமில்லை. பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், இரண்டிலும் சத்தம் வந்தது. விண்டோஸ் டிரைவர்தான் கெட்டது என்றால் லினக்ஸ் ஏன் ஊமையாக வேண்டும்? இந்த ஒரு சோதனைக்காகவே எல்லார் வீட்டிலும் ஒரு லினக்ஸ் பென்டிரைவ் இருக்கலாம். லினக்ஸில் பாடுகிறது, விண்டோஸில் பாடவில்லை என்றால் அப்போது டிரைவர் பக்கம் போங்கள்.

டிரைவர் பக்கம் போக வேண்டிய நாட்களும் வந்தன, மறைக்கவில்லை. டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவி மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தாலே போதும், விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும். போர்டு கம்பெனியின் சொந்த டிரைவரை மாடல் எண் பார்த்து இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். டிரைவரை அப்டேட் செய்து தருகிறோம் என்று வரும் இலவச சாஃப்ட்வேர்களை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். ஒருமுறை விண்டோஸ் ஆடியோ சர்வீஸே எழ மறுத்தது. சர்வீசஸ் பட்டியலில் பார்த்தால், அது நம்பியிருக்கும் 'எண்ட்பாயின்ட் பில்டர்' நின்றுபோயிருந்தது. அதைத் தொடங்கினேன், இதுவும் தொடங்கியது. அடுத்த நாளும் அதே கதை என்றதும் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்.எஃப்.சி. கட்டளையை ஓட்டினேன். கெட்டுப்போன சில ஃபைல்களைச் சரிசெய்ததாகச் சொன்னது, அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடும், அவ்வளவுதான்.

சிரிப்பு வரும் கேஸ் ஒன்று: டிரைவரைப் புதிதாகப் போட்ட பிறகு சத்தம் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, ஸ்பீக்கர் படத்தைத் தட்டி வெளியீட்டை மாற்றினேன். பார்க்க எல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். நான் பதிவு செய்யும் சாஃப்ட்வேரான ஆடாசிட்டியில் 'சவுண்ட் டிவைசைத் திறக்க முடியவில்லை' என்று வந்தால் பாதி நேரம் சாம்பிள் ரேட்டில், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளப்பது என்பதில், 44100-க்கும் 48000-க்கும் உள்ள தகராறுதான். டிரைவர் மாறியதும் விண்டோஸில் அந்த அளவு மாறியிருக்கும், விண்டோஸிலும் ஆடாசிட்டியிலும் ஒரே அளவை வைத்தால் சரியாகும்.

இவ்வளவும் நோய் வந்த பின் பார்க்கும் வைத்தியம். கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது என்று நான் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே! 2022-ல் அணைந்த நாளையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுமார் இருபது தடவை, அதில் ஆறேழு தடவை சத்தம் போனது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரிலும் ஒவ்வொன்றுக்கும் 'கெர்னல் பவர் 41' என்று பதிவு இருந்தது. அதற்கு, முறையாக அணைக்காமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது என்றுதான் அர்த்தம், காரணத்தை அது சொல்லாது. நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. நீளமான கரண்ட் கட்டுக்குப் பிறகு சத்தம் போனதாக ஒரு நாள்கூட இல்லை. எல்லாம் சிமிட்டல் நாட்கள்.

2023-ல் வேறு வேலைக்காக வந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சிதான் இன்வெர்ட்டரின் பின்னால் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஃபேன் ஓடுற மோடுலல்லா கெடக்கு, கம்ப்யூட்டர் மோடுல இல்ல." பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச். யு.பி.எஸ். பக்கம் வைத்தால் கரண்ட் தாழ்ந்த உடனே சட்டென்று பேட்டரிக்கு மாறும். மற்ற பக்கம் வைத்தால் நிதானமாக மாறும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். நாலு வருடம் அது தப்பான பக்கத்தில் இருந்திருக்கிறது. நம் நாட்டில் வீட்டுக் கரண்டின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். உள்ளிருக்கும் கெப்பாசிட்டரை வைத்துத் தாங்க வேண்டிய நேரம், அதன் வடிவமைப்புக் கணக்குப்படி, கிட்டத்தட்ட 16 மில்லி விநாடி. ஒரு சுற்றுகூட முழுசாக இல்லை. கெப்பாசிட்டருக்கு வயதாக ஆக அதுவும் குறையும். அவ்வளவு நேரத்துக்குள் கை மாறாத இன்வெர்ட்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

சுவிட்சை மாற்றிய பிறகு அடுத்த சாரல் முழுக்க மூன்று தடவைதான் அணைந்தது. அண்ணாச்சி எர்த்தையும் சோதித்துவிட்டு, பேருக்குத்தான் கம்பி போகிறது என்றார். அதைச் சரிசெய்ததும், பதிவில் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருந்த 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் பெருமளவு போய்விட்டது. அந்த இரைச்சலை சாஃப்ட்வேரில் நீக்க நான் செலவழித்த இரவுகளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

2024-ல் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று வாங்கினேன். முதலில் இருநூற்றைம்பது ரூபாய்க்குச் சின்னது ஒன்று. அவசரத்துக்கு நன்றாக உதவியது, ஆனால் மைக்கில் இரைந்தது. பிறகு கொஞ்சம் விலை கூடியது. ஒலித் தரத்தைவிட எனக்கு இதில் பிடித்தது, அது மயங்கினால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம், அதை மட்டும் உருவிச் சொருகினால் போதும் என்பதுதான். ஆடாசிட்டி மட்டும் அதைத் தானாகக் கண்டுகொள்ளாது, ஆடியோ செட்டப்பில் போய் ரீஸ்கேன் கொடுக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் போர்டு ஒலியை மட்டும் நம்பாமல் முதல் நாளே இப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான் ஐந்து வருடம் கழித்து வாங்கியது கஞ்சத்தனம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிகிறது என்றதும் 11-க்கு மாறினேன். இந்த புராசசருக்கு அனுமதி இருந்தது, சத்தத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் திரும்ப ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசியில் இங்கே இடி மின்னல் அதிகம், அதற்கு இன்வெர்ட்டரும் எர்த்தும் போதாது, பிளக்கை உருவுவதுதான் வழி என்று சேச்சியிடம் ஒருமுறை சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் சபரிமலை மண்டலகால அறிவிப்பு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தபோது மலைப்பக்கம் ஒரு இடி விழுந்தது. நான் சேமிக்கக் கையெடுப்பதற்குள் சேச்சி மைக்கை விட்டு எழுந்துபோய் பிளக்கை உருவிவிட்டார். மழை விட்டதும் ஆன் செய்தேன். ஆடாசிட்டி கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் மீட்டுத் தந்தது. சத்தமும் இருந்தது.